வேலூரிலிருந்து துபாய்: மீனம்பாக்கமா, தேவனஹள்ளியா?

அக்காவும் மாமாவும் தை மாதத்தில் துபாய் போகிறார்கள். மகளுக்கு அங்கே குழந்தை பிறந்து மூன்று மாதமாகிறது. பேத்தியை இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறார்கள். டிக்கெட் போடும் வேலை என் தலையில் விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் அவர்கள் வீட்டுக்குப் போய் லேப்டாப்பைத் திறந்தேன். புறப்படும் ஊர் என்ற கட்டத்தில் சென்னை என்று அடித்ததுமே மாமா குறுக்கே வந்தார்.

"இன்னா மச்சான், கேக்காமயே சென்னைன்னு போட்டுட்ட? பெங்களூர்ல இருந்து பாத்தியா?"

மாமா நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். சங்கிலி, தியோடலைட், புலப்படம், எல்லைக்கல் என்றே ஆயுசு பாதி போனது. தூரம் என்று வந்துவிட்டால் அவர் யாரையும் நம்பமாட்டார், தானே அளந்தால்தான் ஆச்சு. அன்றைக்கும் நான் போவதற்கு முன்பே பழைய அட்லஸை விரித்து, தையல் நூலை வைத்து அளந்து முடித்திருந்தார். பெங்களூரிலிருந்து துபாய்க்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் கம்மி என்பது அவர் தீர்ப்பு.

"நாம கிழக்கால சென்னைக்குப் போயி, அங்க ஏறி, மறுபடி நம்ம தலைக்கு மேலயே மேற்கால பறக்கணுமா? தலையைச் சுத்தி மூக்கைத் தொடுற கதையா கீது."

கேட்டதும் சிரித்தேன், ஆனால் கேள்வி நியாயமானது. வேலூர்க்காரர்களுக்கு இது எப்போதும் உள்ள சங்கடம். கிழக்கே சென்னை மீனம்பாக்கத்தில் ஒரு பெரிய விமான நிலையம், மேற்கே பெங்களூர் தேவனஹள்ளியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் நாம். சரி, உட்கார்ந்து கணக்குப் போட்டே பார்த்துவிடலாம் என்று இறங்கினோம்.

வானத்தில் எவ்வளவு மிச்சம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து துபாய்க்கு நேர்க்கோட்டில் சுமார் 2,930 கி.மீ. பெங்களூரிலிருந்து சுமார் 2,700. மாமாவின் நூல் பொய் சொல்லவில்லை. வித்தியாசம் 230 கி.மீ.க்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது.

ஒரு திருத்தம் மட்டும் சொன்னேன். நூலை அட்லஸில் வைக்கக் கூடாது, உலக உருண்டையின் மேல் வைக்க வேண்டும். உருண்டையில் இரண்டு ஊர்களுக்கு நடுவே நூலை இறுக்கிப் பிடித்தால் அது எங்கே படிகிறதோ அதுதான் மிகக் குறைந்த தூரம், பெருவட்டக் கோடு. தட்டையான வரைபடத்தில் அதே கோடு வளைந்து தெரியும். நம் ஊரிலிருந்து துபாய் வரைக்கும் இந்த வளைவு பெரிதாக ஒன்றும் செய்யாது. அமெரிக்கா போகிறவர்களுக்குத்தான் அது ஆளையே ஏமாற்றும்.

அந்தக் கோட்டின்படி பார்த்தால் மாமாவின் இன்னொரு குற்றச்சாட்டும் பாதி உண்மை. சென்னையில் கிளம்பும் விமானம் வடமேற்காகத் திரும்பி, ஏறத்தாழ திருப்பதிக்கும் சித்தூருக்கும் இடைப்பட்ட வானத்தில் போகும். நம் தலைக்கு நேர் மேலே இல்லை, வடக்கே எழுபது எண்பது கி.மீ. தள்ளி. மூன்று மணி நேரம் காரில் கிழக்கே போனதை அது பத்துப் பதினைந்து நிமிஷத்தில் திரும்பி வந்துவிடும்.

இங்கேதான் மாமாவை அவர் தொழிலை வைத்தே மடக்கினேன். மீனம்பாக்கத்துக்கும் தேவனஹள்ளிக்கும் வானத்தில் எவ்வளவு தூரம்? சுமார் 268 கி.மீ. ஒரு முக்கோணம் போடுங்கள்: ஒரு முனை சென்னை, ஒரு முனை பெங்களூர், மூன்றாவது முனை துபாய். முக்கோணத்தில் எந்த இரண்டு பக்கங்களின் வித்தியாசமும் மூன்றாவது பக்கத்தை மிஞ்சாது. அப்படியானால் மூன்றாவது முனையில் துபாயை வைத்தாலும் டோக்கியோவை வைத்தாலும் லண்டனை வைத்தாலும், சென்னையிலிருந்து போவதற்கும் பெங்களூரிலிருந்து போவதற்கும் உள்ள வித்தியாசம் 268 கி.மீ.க்கு மேல் போக வழியே இல்லை. துபாய்க்கு அந்த உச்சவரம்புக்குப் பக்கத்திலேயே வருகிறது, அவ்வளவுதான். ஜெட் விமானத்துக்கு அது இருபது நிமிஷப் பாடு.

மாமா ஒன்றும் பேசாமல் ஒரு காகிதத்தை எடுத்து முக்கோணம் வரைந்தார். அப்புறம் பேச்சு எங்கேயோ போய்விட்டது, ஏனென்றால் அவருக்கு முக்கோணம் என்றாலே லாம்டன் ஞாபகம் வந்துவிடும். 1802-ல் இந்தியாவை முக்கோணங்களால் அளக்கத் தொடங்கிய ஆங்கிலேய ராணுவ அதிகாரி வில்லியம் லாம்டன், பரங்கிமலைப் பக்கத்திலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு, முக்கோணக் கணக்குக்கு ஆதாரமான ஒரு அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். அதற்கே 57 நாள் ஆனது. அங்கிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக மேற்கே மங்களூர் வரை போனார்கள். முடிவில், 400 மைல் என்று வரைபடங்களில் இருந்த தீபகற்பத்தின் அகலம் உண்மையில் 360 மைல்தான் என்று தெரிந்தது. நாற்பது மைல் பூமி காகிதத்திலிருந்து காணாமல் போனது! அந்தப் பரங்கிமலையை ஒட்டித்தான் இன்றைய சென்னை ஓடுதளம். "அங்கதான் ஏறப்போறீங்க மாமா" என்றேன். கொஞ்சம் இளகினார் என்றே நினைக்கிறேன்.

தூரத்தை நேரமாக மாற்றுவது

ஜெட் விமானத்தின் பறக்கும் நேரத்தை வீட்டிலேயே கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. கிலோமீட்டரை 800-ஆல் வகுத்து, வரும் மணியோடு அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஓடுதளத்துக்கு ஊர்ந்து போவது, மெதுவாக மேலே ஏறுவது, இறங்குவதற்கு முன் வேகத்தைக் குறைத்துச் சுற்றி வருவது எல்லாம் அந்த அரை மணியில் அடங்கும். சென்னை – துபாய்க்கு மூன்றே முக்காலும் அரையும், அதாவது ஏறத்தாழ நாலே கால் மணி நேரம். பெங்களூர் – துபாய்க்கு நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு. இருபது நிமிஷ வித்தியாசம் திரும்பவும் வந்து நிற்கிறது. இந்த அரை மணி எவ்வளவு கனமானது என்று பார்க்க வேண்டுமானால் சென்னை – பெங்களூர் விமானத்தைப் பாருங்கள். பறக்கிற தூரம் இருபது நிமிஷம், டிக்கெட்டில் போட்டிருப்பது ஏறத்தாழ ஒரு மணி நேரம்.

டிக்கெட்டைப் பார்த்ததும் மாமாவுக்கு அடுத்த சந்தேகம். காலை 9:45-க்குக் கிளம்பி 12:30-க்குப் போய்ச் சேரும் என்று திரையில் இருந்தது. "டெல்லிக்கே மூணு மணி நேரம்ன்றாங்க. துபாய்க்கு ரெண்டே முக்காலா?" என்றார். புறப்படும் நேரம் நம் மணி, சேரும் நேரம் அவர்கள் மணி. துபாய் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. நம் கடிகாரத்தில் அது மதியம் 2:00. திரும்பி வரும்போது இதே ஏமாற்று தலைகீழாகும்: அங்கே விடியற்காலை 2:45-க்கு ஏறி இங்கே 8:05-க்கு இறங்கினால், பார்ப்பதற்கு ஐந்தேகால் மணிக்கு மேல் பறந்த மாதிரி இருக்கும். உண்மையில் மூன்றே முக்காலுக்குக் கொஞ்சம் மேல். போகிற டிக்கெட்டை மட்டும் பார்த்து "அட, பக்கம்தான்" என்று நினைத்து, மறுமுனையில் இருப்பவரைத் தப்பான நேரத்துக்கு ஏர்போர்ட்டுக்கு வரச் சொன்னவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு.

போவதற்கும் வருவதற்கும் இருபது இருபத்தைந்து நிமிஷம் வேறுபடுவது காற்றால். குளிர்காலத்தில் வட இந்தியாவிலிருந்து வளைகுடா வரை உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலமான காற்று ஓடும். போகும்போது அதற்கு எதிரே முட்டிக்கொண்டு போக வேண்டும், வரும்போது அது முதுகில் தள்ளிக்கொண்டு வரும். சென்னையில் ஏறினாலும் பெங்களூரில் ஏறினாலும் காற்று ஒரே காற்று, ஆகவே நம் பஞ்சாயத்துக்கு அது சாட்சி ஆகாது.

தரையில்தான் வழக்கு

சத்துவாச்சாரியிலிருந்து சென்னை விமான நிலையம் சுமார் 130 கி.மீ. பெங்களூர் விமான நிலையம் சுமார் 220. அந்த விமான நிலையம் ஊருக்கு வடக்கே தேவனஹள்ளிப் பக்கம் இருப்பதுதான் நமக்கு வினை. கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் சாலை அருமையாக இருக்கும். ஆனால் எலக்ட்ரானிக் சிட்டி தொடங்கி ஊரையே குறுக்கே வெட்டிக்கொண்டு மறுமுனைக்குப் போக வேண்டும். அந்த நெரிசலில் எத்தனை மணி நேரம் ஆகும் என்று பெங்களூர்க்காரர்களே சொல்ல மாட்டார்கள். விவரம் தெரிந்த டிரைவர்கள் சித்தூர், மொகிலி கணவாய், பலமனேர், முல்பாகல், கோலார் என்று போய் ஹோஸ்கோட்டில் வடக்கே திரும்பிவிடுவார்கள். ஊருக்குள் நுழைய வேண்டியதே இல்லை. அப்படியும் நாலு, நாலரை மணி நேரம் ஆகிறது. வழியில் ஆந்திராவைக் கடந்து கர்நாடகாவுக்குள் போவதால், வண்டிக்கு எந்த பர்மிட் இருக்கிறது என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

சென்னைப் பக்கம் இரண்டரை மணியிலிருந்து மூன்று. வாலாஜா, காவேரிப்பாக்கம், ஓச்சேரி, சுங்குவார்சத்திரம் வரை வண்டி பறக்கும். ஸ்ரீபெரும்புதூரிலும் இருங்காட்டுக்கோட்டையிலும்தான் கம்பெனி பஸ்களுக்கும் கன்டெய்னர் லாரிகளுக்கும் நடுவே மாட்டிக்கொள்வோம். வாலாஜா – பூந்தமல்லி ஆறு வழிச்சாலை வேலை வருஷக்கணக்கில் இழுத்ததை இந்த வழியில் போகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் ஸ்ரீபெரும்புதூரைக் காலை ஏழு மணிக்கு முன் தாண்டிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

இப்போது வாசலிலிருந்து வாசல் வரை கூட்டிப் பாருங்கள். வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்னால் போக வேண்டும், அங்கே இறங்கி இமிகிரேஷன் வரிசையும் பெட்டியும் முடிய ஒரு மணி. சென்னை வழி என்றால் மூன்று, மூன்று, நாலே கால், ஒன்று: பதினொன்றே கால் மணி நேரம். பெங்களூர் வழி என்றால் நாலரை, மூன்று, நாலு, ஒன்று: பன்னிரண்டரை. வானத்தில் மிச்சமான இருபது நிமிஷத்துக்குத் தரையில் ஒன்றரை மணி நேரம் கொடுத்திருக்கிறோம்.

"அப்ப ரயில்ல போனா?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள். நல்ல கேள்வி. தனியாள், ஒரு கைப்பெட்டி என்றால் நான் ரயிலுக்குத்தான் ஓட்டுப் போடுவேன். காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் 130 கி.மீ., இரண்டு மணி நேரம். கேரளா, கோவை, பெங்களூர் பக்கமிருந்து சென்ட்ரல் வருகிற ரயில்களில் ஏறத்தாழ எல்லாமே காட்பாடியைத் தொட்டுத்தான் போகும், ஆகவே வண்டிக்குப் பஞ்சமில்லை. சென்ட்ரலில் இறங்கி மெட்ரோ நீல வழித்தடத்தைப் பிடித்தால் மாறாமலே விமான நிலையத்துக்குள் கொண்டுபோய் விடும். டிராஃபிக் என்ற பேச்சே கிடையாது. பஸ்ஸில் போகிறவர்கள் கோயம்பேட்டில் இறங்கி மெட்ரோ ஏறி, ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். பெங்களூர்ப் பக்கம் இந்த வசதி இன்னும் வரவில்லை. ரயிலில் மூன்றரை மணி நேரம் போய் மெஜஸ்டிக்கில் இறங்கி, அப்புறம் ஏர்போர்ட் பஸ்ஸில் ஊரைக் கடக்க வேண்டும்.

ஆனால் அக்காவுக்கு மூட்டு வலி, பெட்டி நாலு. அதில் ஒன்று முழுக்க ஊறுகாய், கறிவேப்பிலைப் பொடி, ஆற்காடு மக்கன் பேடா. வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் இரண்டு கிலோ வேறு எடுத்துப் போவதாகத் திட்டம். புவிசார் குறியீடு வாங்கின காய் என்பதால் துபாயில் மரியாதை கிடைக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். இத்தனையையும் சென்ட்ரல் பிளாட்பாரத்தில் இழுத்துக்கொண்டு போவதை நினைத்தாலே எனக்கு மூச்சு வாங்குகிறது. ரயில் கழிந்தது, கார்தான்.

நடுவில் ஒரு பெருமூச்சு. அப்துல்லாபுரத்தில் நமக்கே ஒரு ஓடுதளம் இருக்கிறது. சின்ன ஊர்களுக்கு விமானம் விடும் உடான் திட்டத்தில் சேர்த்தார்கள், கட்டடம் எழும்பியது, நாமும் ஒவ்வொரு வருஷமும் பேப்பரில் படிக்கிறோம். வந்தாலும் அது சின்ன விமானங்களுக்கான இடம், துபாய்க்கு அங்கிருந்து யாரும் போகப்போவதில்லை. நம் கணக்கை உண்மையில் மாற்றக்கூடியவை வேறு இரண்டு. ஒன்று, ஹோஸ்கோட்டிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரை சுமார் 260 கி.மீ.க்குப் போடுகிற எக்ஸ்பிரஸ்வே. அது முழுசாகத் திறந்தால் பெங்களூர்ப் பக்கத்து நாலரை மணி நேரம் நன்றாகவே இறங்கும். இன்னொன்று பரந்தூர். 2022-ல் சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள், நமக்கு எண்பது கி.மீ.க்குள். அங்குள்ள ஏகனாபுரம் மக்கள் தங்கள் நிலத்துக்காக அன்றிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் வயலை வைத்து என் பயண நேரத்தைக் கணக்குப் போட மனசு வரவில்லை, ஆகவே அதை விட்டுவிடுகிறேன்.

மலிவு டிக்கெட் என்ற வலை

தேடுகிறபோது திரையில் முதலில் வந்து நின்றது மும்பையில் மாறிப் போகிற டிக்கெட். விலை குறைவு. மாமா உடனே அட்லஸில் மும்பையைத் தொட்டுப் பார்த்தார். சென்னை – மும்பை சுமார் 1,030 கி.மீ., மும்பை – துபாய் சுமார் 1,930. கூட்டினால் 2,960. நேராகப் போவதைவிட வெறும் 30 கி.மீ. அதிகம்! மும்பை ஏறத்தாழ அந்த வழியிலேயே இருக்கிறது என்று அர்த்தம். மாமா என்னை வெற்றியோடு பார்த்தார்.

தூரத்தை மட்டும் பார்த்தால் எப்படி வழுக்கி விழுவோம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. தூரம் 30 கி.மீ.தான் கூடுகிறது, ஆனால் அந்த அரை மணி இரண்டு முறை வந்துவிடுகிறது. அதோடு நடுவில் மூன்று நாலு மணி நேரம் உட்கார வேண்டும், உள்நாட்டிலிருந்து வெளிநாட்டுப் பகுதிக்கு மாற வேண்டும், பாதுகாப்பு வரிசையில் மறுபடி நிற்க வேண்டும். ரேணிகுண்டாவில் உள்ள திருப்பதி விமான நிலையமும் இதே கதை. வேலூரிலிருந்து சுமார் 120 கி.மீ., சென்னையைவிட ஒரு பிடி பக்கம், சாலையில் கூட்டமும் குறைவு. அங்கிருந்து ஐதராபாத் போய் மாறினாலும் மொத்த வானத்தூரம் 2,970 கி.மீ.யை ஒட்டித்தான் வருகிறது. டெல்லி, ஐதராபாத் போகிறவர்களுக்கு நேரம் ஒத்து வந்தால் திருப்பதி அருமையான இடம். துபாய்க்கு வேண்டாம்.

எனக்கு இதில் சூடு பட்ட அனுபவம் உண்டு. சில வருஷத்துக்கு முன் இரண்டு விமானங்களுக்கும் தனித்தனியாக டிக்கெட் எடுத்து ஆயிரத்துச் சொச்சம் மிச்சம் பிடித்தேன். முதல் விமானம் ஒன்றேகால் மணி நேரம் தாமதம். இரண்டாவது விமானத்தின் கவுன்டரில் போய் நின்றால், "இது தனி பி.என்.ஆர். சார், அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தம் இல்லை" என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னது சட்டப்படி சரிதான், அதுதான் இன்னும் வலித்தது. புது டிக்கெட்டுக்குக் கொடுத்த பணத்தில் இரண்டு தடவை போய் வந்திருக்கலாம். மாறித்தான் போக வேண்டும் என்றால் இரண்டும் ஒரே பி.என்.ஆரில் இருக்கட்டும். முதல் விமானம் தாமதமானால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அவர்கள் பொறுப்பாகும், பெட்டியும் பெரும்பாலும் நேராக அங்கேயே போய்ச் சேரும்.

சரி, நேர் விமானத்திலேயே பெங்களூரில் விலை குறைவாக இருந்தால்? அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. இரண்டு பேருக்கும் சேர்த்து 2,000 ரூபாய் கம்மி. காருக்குக் கி.மீ.க்கு 15 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகப் போகும் 90 கி.மீ.க்கு 1,350. டோல், பர்மிட், டிரைவர் பேட்டா, நடுவில் ஒரு டிபன் எல்லாம் சேர்த்தால் மிச்சம் காணாமல் போகிறது. ஒரு ஆளுக்கு ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் என்று வித்தியாசம் இருந்தால்தான் பெங்களூரை யோசிக்கலாம் என்பது என் அளவுகோல். குடும்பமாக ஐந்து பேர் போனால் கார் செலவு ஐந்தாகப் பிரியும், அப்போது பெங்களூருக்குக் கொஞ்சம் வலு கூடும்.

எந்த மாதம், எந்த நாள்

ஐப்பசி, கார்த்திகையில் போகிறவர்கள் வானத்தைப் பார்த்துவிட்டுத்தான் சென்னை டிக்கெட் எடுக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் ஓடுதளமே தண்ணீரில் நின்றது. மறுநாள் காலைதான் திறந்தார்கள். அந்த மாதங்களில் பெங்களூருக்கு நான் ஒரு மதிப்பெண் அதிகம் போடுவேன். மார்கழி, தை வந்தால் நிலைமை மாறும். தேவனஹள்ளியில் விடியற்காலை மூடுபனி இறங்கும், ஆறு மணி விமானம் எட்டு மணிக்குப் போகும்.

சென்னைக்கும் மார்கழிக் கடைசி நாளில் ஒரு கண்டம் உண்டு, போகி. 2018-ல் போகிப் புகையும் பனியும் சேர்ந்து ஓடுதளம் கண்ணுக்குத் தெரியாமல் விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். டயர், பிளாஸ்டிக் கொளுத்தாதீர்கள் என்று விமான நிலையத்தைச் சுற்றி இருப்பவர்களிடம் வருஷா வருஷம் கேட்டுக்கொள்கிறார்கள். போகி அன்று காலை டிக்கெட் போடுவது தானாகப் போய் வம்பில் விழுவது. பொங்கல் லீவு முடிகிற ஞாயிற்றுக்கிழமையும் ஆகாது, அன்று வடஆற்காடு மொத்தமும் சென்னைக்குத் திரும்பிக்கொண்டிருக்கும். ஜனவரி 26-ஐ ஒட்டிய நாட்களில் சோதனை கூடும், வழியனுப்ப வருகிறவர்களை வெளியிலேயே நிறுத்துவார்கள். இதெல்லாம் கழித்து, பொங்கலுக்கு அடுத்த வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமையைப் பிடித்தோம். செவ்வாய் என்றதும் அக்கா முகம் சுருங்கியது. புதனுக்கு மாற்றினேன், விலை ஏறவில்லை.

துபாயை விட்டு வேறு ஊர் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று கிழக்கே போனால் யோசிக்கவே வேண்டாம். சென்னை – சிங்கப்பூர் சுமார் 2,920 கி.மீ., பெங்களூர் – சிங்கப்பூர் சுமார் 3,180. வானமும் தரையும் ஒரே பக்கம் சாய்கின்றன. டெல்லிக்குச் சென்னையிலிருந்து 1,760, பெங்களூரிலிருந்து 1,710. ஐம்பது கி.மீ. என்பது நாலு நிமிஷம்கூட இல்லை. கொல்கத்தாவுக்குச் சென்னைதான் 160 கி.மீ. பக்கம். காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கி சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வந்துபோகும் வங்காளக் குடும்பங்களுக்கு இது நம்மைவிட நன்றாகவே தெரியும்.

ஆம்பூரைத் தாண்டிவிட்டால் இந்தக் கட்டுரையை அப்படியே திருப்பிப் படிக்க வேண்டியிருக்கும். வாணியம்பாடியிலிருந்து இரண்டு விமான நிலையங்களும் சாலையில் ஏறத்தாழ சம தூரம், திருப்பத்தூருக்குப் பெங்களூர்தான் பக்கம். மேற்கே போகிற தோல் வியாபாரிகள் பெங்களூரில் ஏறினால் அந்த இருபது நிமிஷம் முழுசாக அவர்கள் கையில் நிற்கும்.

கடைசியில் போட்டது சென்னை, நேர் விமானம், காலை 9:45. ராத்திரி மூன்றரைக்கு வண்டி வரச் சொல்லியிருக்கிறது. ஏர்லைன்ஸில் அக்காவுக்கு வீல்சேர் உதவி கேட்டு முன்பதிவு செய்தேன், அதற்குத் தனிக்கட்டணம் இல்லை. "நான் என்ன நோயாளியா?" என்று முறைத்தாள். இமிகிரேஷன் வரிசையில் ஒன்றேகால் மணி நேரம் நிற்க முடியுமா என்று கேட்டதும் சும்மா இருந்தாள்.

மாமா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், ஜன்னல் சீட். எந்தப் பக்கம் என்று யோசித்தோம். தை மாதத்தில் வடகிழக்குக் காற்று, விமானம் காற்றை எதிர்கொண்டுதான் ஏறும், ஆகவே பெரும்பாலும் முதலில் கடல் பக்கம் ஏறிவிட்டு அப்புறம் வடமேற்காகத் திரும்பும். திரும்பின பிறகு திருப்பதி மலை வலது கைப்பக்கம் வரும், வேலூர் இடது கைப்பக்கம். மேகம் இல்லாவிட்டால் மலைகளாவது தெரியலாம்.

"வலப்பக்கம் போடு, பெருமாளைப் பாத்துக்கிறோம்" என்றாள் அக்கா.

மாமா முக்கோணம் வரைந்த காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். இடப்பக்கமே போடச் சொன்னார்.